மகளுக்குத் தனி வயலின் ஆசிரியர் தேடுகிறோம்: சங்கீதம் அறியாத பெற்றோர் எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி: சுருதிப்பெட்டி

வணக்கம். பத்து வயதாகும் என் மகள் சில ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்று வந்தாள். தொடக்கப் பாடங்களான அலங்காரங்களையும் கீதங்களையும் முடித்து, அடுத்த நிலையான வர்ணம் தொடங்கும் நேரத்தில் அவளுடைய ஆசிரியை வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். இதற்கிடையே அவளுக்கு வயலின் மீது ஆசை வந்துவிட்டது. ஒரு கச்சேரியில் வில் போவதையும் வருவதையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், அதன் பிறகு வீட்டில் வேறு பேச்சே பேசுவதில்லை. பத்துப் பேரை ஒன்றாக உட்காரவைத்துக் கற்பிக்கும் வகுப்பில் சேர்க்க எங்களுக்கு மனமில்லை; தனி வகுப்பாகவே ஏற்பாடு செய்ய விரும்புகிறோம்.

எனக்கும் என் மனைவிக்கும் பாட்டுக் கேட்கப் பிடிக்குமே தவிர, அதன் இலக்கணம் தெரியாது. எனவே ஓர் ஆசிரியர் சரியாகக் கற்பிக்கிறாரா என்று எங்களால் கணிக்க முடியவில்லை. இப்போது மூன்று பேர் எங்கள் கண்முன் இருக்கிறார்கள். முதலாமவர் கச்சேரி மேடைகளில் பெயர் பெற்ற கருநாடக இசைக் கலைஞர்; மாணவர்கள் ஏராளம்; அவர் பயணத்தில் இருக்கும் நாட்களில் அவருடைய மூத்த மாணவி வகுப்பு எடுப்பார் என்று சொன்னார்கள். இரண்டாமவர் மேற்கத்திய முறையில் கற்பித்து, பிள்ளைகளைப் படிநிலையாக நடக்கும் கிரேடு தேர்வுகளுக்குத் தயார் செய்பவர்; அவருடைய வகுப்பறைச் சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். மூன்றாமவர் இசைப் பட்டப்படிப்பை அண்மையில் முடித்த இளைஞர். கருநாடக முறையில்தான் கற்பிக்கிறார். மாணவர்கள் மிகச் சிலரே. ஆனால் என் மகளிடம் அவர் பேசிய விதம் எங்களுக்குப் பிடித்திருந்தது.

உறவினர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டுகிறார்கள். மூவருமே ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த வகுப்பில் எங்களைப் போன்ற இசையறியாதவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? ஆசிரியரிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்டால் அது மரியாதைக் குறைவாகிவிடும்? கருநாடகம், மேற்கத்தியம் இரண்டில் எதில் தொடங்குவது நல்லது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: வில்லாளி

வணக்கம். நான் வயலின் கற்பிப்பவன். ஆகவே இதை ஒரு தரப்பின் சாட்சியமாக எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி வகுப்பில் உங்கள் மகள் ஏதேனும் ஒரு பிழை செய்வாள். அந்தப் பிழையை ஆசிரியர் எப்படிக் கையாளுகிறார் என்பதை மட்டும் நீங்கள் உற்றுப் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. மேடைப் புகழும் சான்றிதழும் மாணவர் எண்ணிக்கையும் அதற்கு அடுத்த நிலையில்தான் வரும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தொடக்க நிலைக் குழந்தை மூன்றாம் விரலை வைக்கும்போதெல்லாம் சுரம் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும். "சுருதி சேரவில்லை, மறுபடியும் வாசி" என்று ஓர் ஆசிரியர் சொல்வார். குழந்தை மறுபடியும் வாசிக்கும். மறுபடியும் தாழ்ந்தே ஒலிக்கும். ஐந்தாறு முறை இது நடந்தபின் குழந்தையின் முகம் வாடிவிடும். இன்னோர் ஆசிரியர் வயலினைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, "அந்தச் சுரத்தை வாயால் பாடு பார்க்கலாம்" என்பார். உங்கள் மகள் வாய்ப்பாட்டு கற்றவள், சரியாகவே பாடிவிடுவாள். அப்படியானால் காதில் குறையில்லை, கையில்தான் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. அதன்பின் அவர் இடது மணிக்கட்டைப் பார்ப்பார். மணிக்கட்டு மடிந்து வயலினின் கழுத்தோடு ஒட்டியிருந்தால் விரல்கள் பின்னுக்கு இழுபட்டு, எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டாமல் நின்றுவிடும். மணிக்கட்டை நிமிர்த்திய உடனே சுரம் ஏறிவிடும். முதல் ஆசிரியர் பிழையைக் கேட்டார். இரண்டாமவர் அதன் காரணத்தைத் தேடினார். இந்த வேறுபாட்டைக் காண்பதற்கு உங்களுக்குச் சங்கீத இலக்கணம் தேவையில்லை.

வலது கையிலும் இதே போலத்தான். வில், குதிரைக்கு (தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டு) இணையாகப் போய்வர வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் வில்லின் நுனிப்பகுதிக்கு வரும்போது முழங்கையை விரிக்காமல் கை முழுவதையும் பின்னால் இழுப்பார்கள். வில் கோணலாகி விரற்பலகையின் பக்கம் வழுக்கும். ஒலி மெலிந்து காற்றாகப் போகும். நல்ல ஆசிரியர் குழந்தைக்கு எதிரே சிறிது நேரம், பக்கவாட்டில் சிறிது நேரம் என்று இடம் மாறிப் பார்த்துக்கொண்டே இருப்பார். வகுப்பு முழுவதும் நாற்காலியை விட்டு அசையாமல், தம் வயலினைத் தாமே வாசித்துக்கொண்டு, "இப்படி வாசி" என்று மட்டும் சொல்பவரிடம் ஏற்கெனவே கை படிந்த மாணவர் கற்றுக்கொள்ளலாம். புதிதாக வில் பிடிக்கும் குழந்தைக்கு அது உதவாது.

இன்னொன்றையும் பாருங்கள். வகுப்பு தொடங்கியதும் ஆசிரியர் முதலில் வயலினைக் கையில் வாங்கிப் பார்க்கிறாரா? பத்து வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் அரை அளவு அல்லது முக்கால் அளவு வயலின் பொருந்தும். தோளில் வைத்து இடது கையை நீட்டினால் தலைப்பகுதியின் சுருள் உள்ளங்கைக்குள் வர வேண்டும். கை எட்டாத அளவில் வாங்கிக்கொடுத்துவிட்டு "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பது தவறு. குதிரை சாய்ந்திருக்கிறதா, தந்திகளை முறுக்கும் பிருடைகள் வழுக்குகின்றனவா, வில் முடி அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் அவர் கண் போனால், வாத்தியத்தை அறிந்தவர் என்று கொள்ளலாம். இதுவரை நீங்கள் வயலின் வாங்கவில்லையென்றால், ஆசிரியர் முடிவான பிறகு அவரைக் கேட்டே வாங்குங்கள்.

சரியாக வாசித்த சுரத்தைக் குழந்தைக்கு எப்படி உணர்த்துகிறார் என்பதும் முக்கியம். வயலினில் இதற்கு ஓர் அழகான வழி உண்டு. மேற்கத்தியச் சுருதியமைப்பில் ஏ தந்தியின் மீது மூன்றாம் விரல் சரியான இடத்தில் விழுந்தால், பக்கத்தில் யாரும் தொடாமல் இருக்கும் டி தந்தியும் தானாக அதிர்ந்து ஒலிக்கும். கருநாடக அமைப்பில் மத்திய பஞ்சமத் (நடு ஸ்தாயி 'ப') தந்தியில் தாரஸ்தாயி சட்ஜம் (மேல் ஸ்தாயி 'ஸ') சரியாகப் பேசும்போது அடுத்திருக்கும் சட்ஜத் தந்தி அதிரும். அந்த அதிர்வைக் காட்டிக்கொடுத்து, "இதைத் தேடு" என்று சொல்லிவிடும் ஆசிரியரின் மாணவர், வீட்டில் தனியாக இருக்கும்போதும் தம்மைத் தாமே திருத்திக்கொள்ள முடியும். வாரத்தில் ஆசிரியரோடு கழிவது ஓரிரு மணி நேரம். மீதி நாட்களில் குழந்தை தனியாகத்தான் சாதகம் செய்யப்போகிறது. ஆகவே வகுப்பு முடியும்போது "வீட்டில் நன்றாகப் பழகு" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பாமல், எந்த இரண்டு சுரங்களுக்கிடையே, எந்த வேகத்தில், எதைக் கவனித்துப் பழக வேண்டும் என்று சொல்லி அனுப்புபவரே எனக்கு உயர்ந்தவராகத் தெரிகிறார். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து, பயிற்சி நேரக் கணக்கை மட்டும் பலர் பிடித்துக்கொண்டார்கள். குறையை அறிந்து அதற்கென வகுத்த பயிற்சியையே அக்கட்டுரை வலியுறுத்தியது. அப்படி வகுத்துக் கொடுப்பதுதான் ஆசிரியரின் வேலை.

மேடைப் புகழைப் பற்றி ஒரு சொல். இவான் கலாமியனும் டோரதி டிலேயும் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த வயலின் ஆசிரியர்களில் இருவர். புகழ்பெற்ற வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மன் இருவரிடமும் பயின்றவர். ஆனால் அவ்விருவரையும் உலகம் அறிந்தது மேடையால் அன்று, மாணவர்களால்தான்.

மறுமொழி: பின்வரிசை

வில்லாளி ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். என் மகன் வயலின் கற்கிறான். எனக்கும் உங்களைப் போலவே சங்கீத ஞானம் கிடையாது. நான் கூறுவதெல்லாம் வகுப்பறைக்கு வெளியே உள்ள செய்திகள். அவற்றைப் பேசாமல் விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல ஆசிரியரிடம் சேர்த்தாலும் சில மாதங்களில் மனக்கசப்பு வந்துவிடுகிறது.

முதலில், குழந்தையின் வகுப்பில் பெற்றோர் உட்கார அனுமதி உண்டா என்று கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவே இல்லை. பெற்றோர் இருந்தால் குழந்தையின் கவனம் சிதறுகிறது என்று சில ஆசிரியர்கள் நினைப்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. அப்படியானால் கதவு திறந்திருக்கட்டும், பக்கத்து அறையில் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். அதற்கும் ஒப்பாதவரிடம் தனி வகுப்புக்கு என் பிள்ளையை நான் அனுப்பமாட்டேன், அவர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் சரி. ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி வகுத்த முறையில் பெற்றோர் வகுப்பில் உடனிருப்பது ஒரு கடமையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டுக் கற்பதுபோல இசையையும் கற்க முடியும் என்பது அவர் கொள்கை. அதற்கு வீட்டில் இருப்பவர்களும் பாடத்தைக் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஆசிரியர் சொல்லும் திருத்தங்களை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டால், வீட்டில் "வில்லின் பெருவிரல் மடிந்திருக்கிறதா?" என்று நினைவூட்ட உங்களாலும் முடியும். சுருதி சரியா தவறா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். குழந்தைக்குக் கோபம்தான் வரும்.

இரண்டாவதாக, வகுப்பு தவறினால் என்ன ஏற்பாடு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். மாதக் கட்டணமா, வகுப்புக் கணக்கா. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பு ஈடு செய்யப்படுமா. ஆசிரியர் வெளியூர் போனால் என்ன செய்வார். எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும். இவற்றை இரண்டு வரியில் எழுதிக் குறுஞ்செய்தியாக அனுப்பி ஒப்புதல் பெற்றுவிட்டால் பிறகு இரு தரப்புக்கும் சங்கடம் இல்லை. ஆசிரியருக்கு இது தொழில். ஒவ்வொரு வாரமும் அவர் உங்களுக்காக ஒதுக்கிய நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது என்பதை நாமும் உணர வேண்டும்.

தொலைவைப் பற்றியும் யோசியுங்கள். பள்ளி முடிந்து, பயணத்தில் களைத்து, தூக்கக் கலக்கத்தோடு வரும் குழந்தையிடம் எந்த ஆசிரியராலும் அதிகம் செய்ய முடியாது. கொஞ்சம் குறைந்த புகழுள்ளவர் பக்கத்திலேயே இருந்தால் அவரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஆசிரியரின் இப்போதைய மாணவர்களின் பெற்றோர் ஒருவரிருவரோடு பேச முடிந்தால் பேசுங்கள். "நன்றாகச் சொல்லிக்கொடுப்பாரா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் வகுப்பில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். விடையிலிருந்து பல செய்திகள் விளங்கும்.

மறுமொழி: மந்தரஸ்தாயி

நான் கருநாடக முறையில் வயலின் கற்றவன். கருநாடகமா மேற்கத்தியமா என்ற கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன். என் பார்வையில் ஆசிரியர் யார் என்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இரண்டிலும் வாத்தியம் ஒன்றே, கை வேறு. மேற்கத்திய முறையில் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, வயலினைத் தோளுக்கும் தாடைக்கும் இடையே தாங்கி வாசிப்பார்கள். தந்திகள் ஜி, டி, ஏ, ஈ என்று நிலையான சுருதியில் இருக்கும். நான்கு விரல்களும் தத்தம் இடத்தில் நின்று பழகும். கருநாடக முறையில் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தின் மேல் ஊன்றி, மறுமுனையை மார்புப் பக்கமாகத் தாங்குகிறோம். வயலினின் பாரம் இடது கையில் இல்லாததால் அந்தக் கை தந்தியின் நீளம் முழுவதும் தடையின்றி வழுக்கி ஓடும். கமகங்கள், அதாவது சுரங்களின் அசைவுகள், பிறப்பது அந்த ஓட்டத்தில்தான். தந்திகள் சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் என்று சேர்க்கப்படும். முதல் பாடமான சரளி வரிசையை நாம் தொடங்கும் மாயாமாளவகௌளை ராகம் இந்த அமைப்புக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்: சட்ஜத் தந்தியில் ஸரிகம வாசித்த அதே விரல் இடைவெளிகளில் பஞ்சமத் தந்தியில் பதநிஸ வந்துவிடும், ஏனென்றால் அந்த ராகத்தின் இரண்டு பாதிகளும் ஒரே அச்சில் அமைந்தவை. உங்கள் மகள் வாயால் ஏற்கெனவே பாடி முடித்த வரிசைகளை விரலுக்குக் கொண்டுவருவது மட்டுமே அவள் முன் இருக்கும் வேலை. கீதம் வரை வந்த குழந்தையை மேற்கத்திய முறையில் முதல் எழுத்திலிருந்து தொடங்கவைப்பதற்கு, அவளே அதை விரும்புகிறாள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அவள் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்து வாசிக்க ஆசைப்படுகிறாளா, அந்தக் கச்சேரியில் கேட்டதைப் போல வாசிக்க ஆசைப்படுகிறாளா என்று அவளையே கேளுங்கள். இரண்டு ஆசிரியர்களிடம் இரண்டு முறைகளையும் ஒரே நேரத்தில் தொடங்குவது மட்டும் வேண்டாம். பிற்காலத்தில் இரண்டையும் கைக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் வில் பிடி கூட உறுதிப்படாத கையில் இரண்டு பழக்கங்கள் மோதினால் இரண்டுமே நிலைக்காது.

வில்லாளி ஐயாவோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். மேடைக்கும் கற்பித்தலுக்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் கருநாடக இசையில் அப்படியே செல்லாது. இங்கே பெரும்பகுதி எழுத்தில் இல்லை. காதால் கேட்டுத்தான் வர வேண்டும். ஒரு ராகத்தின் சாயல் ஆசிரியரின் வாசிப்பிலிருந்தும் பாட்டிலிருந்தும்தான் மாணவருக்கு ஒட்டும். வயலின் மேதை லால்குடி ஜெயராமன் மேடையில் பெற்ற இடம் அனைவரும் அறிந்தது. அவரே வயலின் மாணவர்களை மட்டுமல்லாமல் பம்பாய் ஜெயஸ்ரீ போன்ற வாய்ப்பாட்டுக் கலைஞர்களையும் உருவாக்கியவர். ஆகவே ஆசிரியர் கச்சேரி செய்பவராகவே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் பாடிக் காட்டக்கூடியவராக இருக்க வேண்டும். மாதிரி வகுப்பில் அவர் ஒரு முறையேனும் வாய் திறந்து பாடினாரா என்று கவனியுங்கள்.

மூத்த மாணவி வகுப்பு எடுப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். வில் பிடிக்கும் பருவத்தில் அவர் பெரியவரைவிடப் பொறுமையாகவே சொல்லிக்கொடுக்கக்கூடும். தாம் அண்மையில் தாண்டிவந்த தடைகள் அவருக்கு நன்றாக நினைவிருக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் குருவே குழந்தையை நேரில் கேட்பாரா என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதற்குத் தெளிவான விடை வராவிட்டால், நீங்கள் சேர்வது ஒருவரிடம், கற்பது இன்னொருவரிடம் என்றாகிவிடும்.

கேட்டவரின் மறுமொழி: சுருதிப்பெட்டி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் கேட்டேன், யோசிக்காமல் "கச்சேரி மாதிரி" என்று சொல்லிவிட்டாள். இருந்தாலும் மேற்கத்திய ஆசிரியரின் மாதிரி வகுப்பையும் பார்த்துவிடவே நினைக்கிறோம், ஏனெனில் தேர்வு என்று ஒன்று இருந்தால் குழந்தை ஒழுங்காகப் பழகுவாள் என்பது என் மனைவியின் எண்ணம். தேர்வுகளைப் பற்றிச் சற்று விளக்க முடியுமா? பெயர் பெற்ற ஆசிரியர் தாம் பயணத்தில் இருக்கும் நாட்களில் இணையவழி வகுப்பும் எடுப்பதாக இப்போது சொல்கிறார். அது பயன்படுமா? சேர்த்த பிறகு பொருந்தவில்லை என்று தெரிந்தால் எப்போது, எப்படி விலகுவது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

மறுமொழி: வில்லாளி

மந்தரஸ்தாயி அவர்கள் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். பாடிக் காட்டுவது பற்றி நானே எழுதியிருக்க வேண்டும்.

தேர்வுகளைப் பொறுத்தவரை, அவை தீங்கும் அல்ல, தரத்துக்குச் சான்றும் அல்ல. பரவலாக எழுதப்படும் ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியம்) செய்முறைத் தேர்வையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 150 மதிப்பெண். தேர்ச்சிக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. இதில் 90 மதிப்பெண் மூன்று இசைத்துண்டுகளுக்கே போய்விடுகிறது. எஞ்சிய 60 மதிப்பெண் ஸ்கேல் வரிசைகள், முன்பின் பார்த்திராத குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்தல், செவிப்பயிற்சி ஆகிய மூன்றுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. இந்தக் கணக்கின் விளைவு என்னவென்றால், ஓர் ஆண்டு முழுவதும் மூன்றே மூன்று துண்டுகளைத் தேய்த்துத் தேய்த்து வாசிக்கவைத்து ஒரு குழந்தையை நல்ல மதிப்பெண்ணோடு தேர்ச்சி பெறவைக்க முடியும். அடுத்த நாள் அதே குழந்தையின் முன்னால் எளிய புதிய மெட்டு ஒன்றை வைத்தால் அது திகைத்து நிற்கும். எனவே சுவரில் உள்ள சான்றிதழ்களை எண்ணாமல், "இந்த ஆண்டு உங்கள் மாணவர்கள் தேர்வுத் துண்டுகளைத் தவிர வேறு என்னென்ன வாசித்தார்கள்?" என்று ஆசிரியரைக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் உற்சாகமாகப் பட்டியலிடுவார். இன்னொரு கேள்வியும் பயன்படும்: இசைக்கோட்பாட்டை எப்போது தொடங்குவீர்கள்? அந்த அமைப்பில் ஆறாம் கிரேடு செய்முறைத் தேர்வுக்குப் போக வேண்டுமானால் ஐந்தாம் கிரேடு கோட்பாட்டுத் தேர்வையோ அதற்கு இணையான ஒன்றையோ முடித்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் அவசர அவசரமாக அதைத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மனைவியார் சொல்வதுபோலக் கெடு ஒன்று இருந்தால் பழக்கம் ஒழுங்காகும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் தாத்தா பாட்டி முன் மாதம் ஒருமுறை ஒரு பாட்டு வாசிக்கவைத்தாலும் அதே கெடு கிடைக்கும்.

இணையவழி வகுப்பு தொடக்கநிலைக் குழந்தைக்கு முழு ஈடாகாது. காரணம், குழந்தையின் தோளைத் தொட்டுத் தளர்த்தவோ விரலைப் பிடித்து நகர்த்தவோ ஆசிரியரால் முடியாது. ஒலி போய்வரும் தாமதத்தால் இருவரும் சேர்ந்து வாசிக்கவும் இயலாது. இடையிடையே வரும் வகுப்புகளாக அது பரவாயில்லை. அப்படிச் செய்தால் இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். காணொளிச் செயலிகள் இரைச்சலை அடக்கும் வசதியைத் தாமாகவே இயக்கிவைத்திருக்கும். அது மனிதக் குரலைப் பேச்சு என்று காப்பாற்றிவிட்டு, வயலினின் நீண்ட ஒலியை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். ஜூம் செயலியில் மூல ஒலியை அப்படியே அனுப்பும் தெரிவு உண்டு, அதை இயக்கிவிடுங்கள். அடுத்தது கேமரா. முகத்துக்கு நேராக வைத்தால் வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று ஆசிரியருக்குத் தெரியாது. வில்லின் முழு நீளமும் இடது மணிக்கட்டும் ஒருசேரத் தெரியும்படி சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். இதைப் பற்றி ஆசிரியரே முதலில் கேட்டால், அவர் இணையவழி வகுப்பை அக்கறையோடு எடுப்பவர் என்று நம்பலாம்.

மறுமொழி: பின்வரிசை

விலகுவதைப் பற்றி நான் சொல்கிறேன். முதல் சில மாதங்கள் வயலின் யாருக்கும் இனிமையாக ஒலிக்காது. அதை ஆசிரியரின் குறையாக எண்ணி அவசரப்பட வேண்டாம். குழந்தை ஒரு நாள் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிப்பதும் ஒரு காரணமல்ல. ஆனால் தோள், கழுத்து, மணிக்கட்டு ஆகியவற்றில் வலி என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லியும், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று ஆசிரியர் நிலையைத் திருத்தாமல் விட்டால் காத்திருக்காதீர்கள். பிழைக்காக அவமானப்படுத்துவது, மற்ற மாணவரோடு ஒப்பிட்டுப் பேசுவது, ஒரே திருத்தத்தை மாதக்கணக்கில் அதே சொற்களால் சொல்லிக்கொண்டே இருப்பது ஆகியவையும் கவலைக்குரியவை. கடைசியாகச் சொன்னதில் முதலில் ஆசிரியரிடமே பேசிப் பாருங்கள். பெரும்பாலும் அவரும் வேறு வழி தேடிக்கொண்டுதான் இருப்பார்.

விலகுவது என்று முடிவானால், இன்னொருவரிடம் ஓசையின்றிச் சேர்த்துவிட்டு இவரிடம் பொய்க் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இசை ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், எப்படியும் தெரிந்துவிடும். நேரில் போய், நடப்பு மாதக் கணக்கை முடித்து, இதுவரை எந்தெந்தப் பாடங்கள் முடிந்தன, எவை பாதியில் நிற்கின்றன என்று ஆசிரியரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆசிரியர் முதல் வகுப்பில் அதைத்தான் கேட்பார்.